லஸ்கர் வேஷத்துக்கு யாரைப் போடுவது? நாவல், சினிமா, நிறம்: ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் தடிமனான ஒரு புத்தகத்தோடு வந்து இறங்கினாள். சேலத்தில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எமிலி பிராண்டே 1847இல் எழுதிய 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "அத்தை, இந்த ஹீத்கிளிஃப் கறுப்பா வெள்ளையா? புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, படத்துல ஒண்ணு இருக்கு."

நான் படித்து ரொம்ப நாளாகிவிட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினோம். எர்ன்ஷா என்ற பெரியவர் லிவர்பூல் தெருவில் அனாதையாகத் திரிந்த சிறுவன் ஒருவனைத் தன் வீட்டுக்குத் தூக்கி வருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். கதையின் தொடக்கத்திலேயே, அவனைப் பார்க்கும் விருந்தாளி, கறுத்த தோல் கொண்ட ஜிப்சியைப் போல இருக்கிறான் என்கிறார். இன்னோர் இடத்தில் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் லிண்டன், சிறுவனாக இருக்கும் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவன் ஒரு குட்டி லஸ்கரோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ கரையொதுங்கிய பயலோ என்கிறார்.

"லஸ்கரா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம லஸ்கர் தாத்தா மாதிரியா?"

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். மேட்டூர் கால்வாயில் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொதுப்பணித் துறையில் அந்த வேலைக்குப் பெயரே லஸ்கர்தான். அதனால் தெருவுக்கே அவர் லஸ்கர் தாத்தா. பாரசீக மொழியில் படையைக் குறித்த சொல் அது. போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்தும் அக்கம்பக்க நாடுகளிலிருந்தும் ஐரோப்பியர் கப்பல்களில் வேலைக்குப் போன மாலுமிகளை அப்படித்தான் அழைத்தார்கள். அவர்களில் பலர் கூலி கிடைக்காமல், திரும்பிவரக் கப்பல் கிடைக்காமல் இங்கிலாந்தின் துறைமுக ஊர்களிலேயே தங்கிப்போனார்கள். ஆக, வட இங்கிலாந்தின் அந்த யார்க்‌ஷயர் பெரிய மனிதர் ஹீத்கிளிஃபைப் பார்த்து நினைத்த ஆள் நம் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம்.

இதைச் சொன்னதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் ஏன் படத்துல எல்லாம் வெள்ளைக்காரங்க நடிக்கிறாங்க?"

அவளுக்கு நான் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இனம் என்ற சொல். நாம் இதைப் பல பொருளில் புழங்குகிறோம்: தமிழினம், இனசனம், மாட்டினம். இங்கே பேசப்படும் இனம் வேறு. தோலின் நிறம், முக அமைப்பு, பூர்வீகம் ஆகியவற்றைப் பார்த்து மனிதர்களை வகை பிரித்து, ஒரு வகையை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்த ஏற்பாடு அது. உடம்புக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனால் சட்டத்தில், சம்பளத்தில், யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதில் அந்தக் கோடு அழுத்தமாக இருந்தது. சாதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சாதியை ஊர் கேட்டு, தெரு கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இனத்தை முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவார்கள்.

சினிமாவில் இது பெரிதாக வெடிப்பதற்கும் அதுதான் காரணம். நாவலாசிரியர் ஒருவரின் நிறத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், சொல்லாமலும் விடலாம். படிக்கிறவர் அந்த வரியை மறந்துவிடுவார். திரையில் அந்த வசதி இல்லை. யாரோ ஒருவரின் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். அந்த முகத்துக்கு ஆளைப் பிடிப்பதைத்தான் சினிமாக்காரர்கள் காஸ்டிங் என்கிறார்கள். நடிகர் தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

நம்ம ஊர் இளவரசி

ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினால், மலை தொடங்குவதற்கு முன்பே சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தெரியும். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ. இன்று வளைவுதான் மிச்சம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. (சுந்தரம் நெசவுத் தொழில் படிக்கப் போன ஊர் லீட்ஸ். அதுவும் பிராண்டே சகோதரிகளின் யார்க்‌ஷயர்தான். சும்மா சொல்லி வைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் லீட்ஸ் மறுபடி வரும்.)

இந்த ஸ்டுடியோ ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்தது. 1952இல் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. யானைகள் மிரண்டு ஊருக்குள் புகுகின்றன, காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் உரோமம் அடர்ந்த ஆதிகால யானைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். கதையில் இளவரசி சீதா என்று ஓர் இந்தியப் பெண் வருகிறாள். நடித்தவர் மேரி வின்ட்சர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். ராமா சிங் என்ற பாத்திரத்தில் நியூயார்க்கில் பிறந்த சீஸர் ரொமேரோ. பின்னாளில் தொலைக்காட்சி 'பேட்மேன்' தொடரில் ஜோக்கராக வந்தாரே, அவரேதான்.

இது நாவலிலிருந்து வந்த படமில்லை. ஆனால் நாம் பேசும் விஷயத்தை இதைவிடக் கிட்டத்தில் காட்ட ஆளில்லை. இந்தியாவில் எடுக்கிறார்கள், இந்தியாவின் காடு, இந்தியாவின் யானைகள், கூட்டாளி சேலத்துக் கம்பெனி, எம்.என். நம்பியார் கூட நடிக்கிறார். ஆனாலும் சீதாவாக வர ஓர் இந்தியப் பெண் கிடைக்கவில்லை. நடிகைகளுக்குப் பஞ்சமா? இல்லை. அமெரிக்கத் தியேட்டரில் டிக்கெட் விற்க அமெரிக்க முகம் வேண்டும் என்ற கணக்கு. அந்தக் காலத்தில் யாரும் இதைக் கூச்சமாகக்கூட நினைக்கவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் ஒயிட்வாஷிங் என்று பெயர். வெள்ளையடித்தல். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிற அதே வெள்ளைதான். வேறு இனத்துப் பாத்திரத்தை வெள்ளையருக்குக் கொடுத்துவிடுவது. அதில் இரண்டு வகை. ஒன்று, பாத்திரத்தையே வெள்ளையராக மாற்றிவிடுவது. இன்னொன்று, பாத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடிகர் முகத்தில் மையைப் பூசுவது. இரண்டாவதுதான் பார்க்கவே சங்கடம்.

வாசல் எந்தப் பக்கம் திறந்தது?

பெர்ல் பக் 1931இல் எழுதிய 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. 1937இல் படமானபோது கணவன் வாங் லுங்காக பால் முனி, மனைவி ஓலானாக லூயிஸ் ரைனர். இருவரும் வெள்ளையர். அதே ஹாலிவுட்டில் அன்னா மே வாங் என்ற சீன வம்சாவளி நடிகை இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பிறந்தவர், அப்போதே உலகம் அறிந்த நட்சத்திரம். ஓலான் பாத்திரத்துக்கு அவர் ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. குடும்பத்தைக் கெடுக்க வரும் லோட்டஸ் என்ற பாத்திரத்தை வேண்டுமானால் பாருங்கள் என்றார்கள். படத்திலேயே கெட்ட பெண் அது ஒன்றுதான், அதற்கு மட்டும் சீனத்தி வேண்டுமா என்று மறுத்துவிட்டுச் சீனாவுக்குப் பயணம் போனார். ரைனருக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 1934இலிருந்து கறாராகப் பின்பற்றிய ஒழுக்க விதிமுறையில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக்கூடாது என்று இருந்தது. நடைமுறையில் ஆசியர்களையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். கணவன் வேஷம் வெள்ளையருக்குப் போனதும் மனைவி வேஷமும் தானாக வெள்ளையரிடம் போய்விடும். நாயகன் வேஷம் ஏன் முதலில் வெள்ளையருக்குப் போகிறது என்று கேட்டால், பெரிய நட்சத்திரம் அவர்தானே என்பார்கள். வேறு யாரையும் நட்சத்திரமாக விட்டிருந்தால்தானே!

இந்தியக் கதைகளிலும் இதே கூத்துதான். ஈ.எம். ஃபாஸ்டரின் 'எ பாஸேஜ் டு இந்தியா' 1924இல் வந்த நாவல். டேவிட் லீன் 1984இல் படமாக்கினார். டாக்டர் அஜீஸாக வங்காளத்தின் விக்டர் பானர்ஜி நடித்தார். ஆனால் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக வந்தவர் ஆங்கிலேயரான அலெக் கின்னஸ், முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு. கவனியுங்கள், அது 1984. நம் வீடுகளுக்கு டிவி வந்துகொண்டிருந்த காலம்.

நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. கிப்ளிங்கின் மௌக்லியாக 1942 படத்தில் நடித்த சாபு மைசூர்ப் பக்கத்து யானைப்பாகனின் பிள்ளை. பாத்திரத்துக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் அதே படத்தில் கிழட்டு வேட்டைக்காரன் புல்தேவ் வேஷம் மால்டா நாட்டுக்காரருக்குத்தான் போனது. ஹாலிவுட்டில் இடம்பிடித்த சாபுவுக்கும் பெரும்பாலும் காட்டுப் பையன், யானைப் பையன், ராஜகுமாரன் என்று அதே வட்டம்தான். டேவிட் காப்பர்ஃபீல்டாக நடிக்கிறாயா என்று அவரை யார் கேட்டிருப்பார்கள்?

அந்தக் கேள்விக்கு 2019இல்தான் பதில் வந்தது. டிக்கன்ஸின் அந்த நாவலை அர்மாண்டோ இயனூச்சி படமாக்கியபோது டேவிட்டாக நடித்தவர் தேவ் படேல், குஜராத்திப் பூர்வீகம் கொண்ட லண்டன்காரர். அவர் மட்டுமில்லை. விக்ஃபீல்டாகச் சீன வம்சாவளி நடிகர், அவருடைய மகளாகக் கறுப்பினப் பெண். ஸ்டீர்ஃபோர்த் வெள்ளையர், அவன் அம்மா கறுப்பினத்தவர். குடும்பத்துக்குள்ளேயே நிறம் பொருந்தவில்லை, படமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் நிறம் பாராத தேர்வு என்கிறார்கள்: யாருக்கு நன்றாக வரும் என்று மட்டும் பார், மற்றதை மறந்துவிடு.

இந்த இடத்தில் அண்ணன் மகள் மடக்கினாள். "வெள்ளைக்காரர் காட்போலேவா நடிச்சா தப்பு, தேவ் படேல் டேவிட்டா நடிச்சா சரியா? இது என்ன நியாயம் அத்தை?"

நல்ல கேள்வி. இணையத்தில் இதைக் கேட்பவர்கள் பாதிப் பேர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அவள் காத்திருந்தாள். இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, டேவிட் காப்பர்ஃபீல்டின் கதையில் அவன் நிறத்துக்கு வேலையே இல்லை. அப்பா இல்லாத பிள்ளை, கொடுமைக்கார மாற்றாந்தகப்பன், தொழிற்சாலையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை, அத்தை வீட்டில் அடைக்கலம். நிறத்தை மாற்றினாலும் இதில் ஒரு செங்கல் கூட அசையாது. காட்போலே அப்படியில்லை. ஆங்கிலேயர் ஆளும் ஊரில் இந்தியராக இருப்பதுதான் அங்கே கதை. இரண்டாவது, வாசல். நூறு வருடமாக ஒரு சாராருக்கு எல்லா வேஷமும் கிடைத்தது, இன்னொரு சாராருக்கு அவர்களுடைய வேஷமே கிடைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த கதவை மறுபக்கமும் திறப்பதும், முதலிலிருந்தே திறந்த பக்கத்தை இன்னும் அகலமாக்குவதும் ஒன்றாகுமா?

இதே கணக்கை நம்மீதும் போட்டுப் பார்த்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் அரேபியக் கதையில் தொப்பியும் முக்காடுமாக வந்தார்கள். அரபுக்காரர் எங்கே என்று சேலத்தில் யாரும் கேட்கவில்லை. வாய்ப்புக் கேட்டு வந்த அரபு நடிகர் யாரையும் வளைவுக்கு வெளியே நிறுத்திவிட்டு எடுத்த படமில்லை அது. அதனால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. ஓர் அரபு வாசகர் வேறு மாதிரி சொல்லலாம், சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

கூத்து மேடையில் யாரும் கேட்பதில்லை

நிறம் பாராத தேர்வு என்றதும் ஏதோ லண்டனில் நேற்று கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். சேலம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழைய சங்கதி.

சின்ன வயதில் என் பாட்டி ஊரில் கூத்து நடக்கும்போது, வேஷம் கட்டும் இடத்துக்குப் பின்பக்கமாகப் போய் நின்று பார்ப்பேன். திரௌபதி வேஷக்காரர் நாற்பது வயது ஆண். மதியம்வரை வயலில் இருந்தவர். காலை நீட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து, மீசை இருந்த இடத்தை இன்னொரு தடவை மழித்துவிட்டு அரிதாரம் பூசுவார். வாயில் பீடி புகையும். ஒரு மணி நேரம் கழித்துத் திரை விலகி அவர் வந்து நின்றால், அந்தக் கைக்கண்ணாடியையும் பீடியையும் பார்த்த நானே கையெடுத்துக் கும்பிடுவேன். துகிலுரியும் கட்டத்தில் பெண்கள் அவருக்குக் கற்பூரம் காட்டினார்கள். 'இவர் ஆண் ஆச்சே' என்று யாரும் எழுந்து போகவில்லை. பார்க்கிறவருக்கும் நடிக்கிறவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். வேஷத்தைப் பார், ஆளைப் பார்க்காதே.

மேடையில் இந்த ஒப்பந்தம் எளிது. பீட்டர் புரூக் மகாபாரதத்தை 1985இல் மேடையேற்றி 1989இல் படமாகவும் எடுத்தார். பீஷ்மராக வந்தவர் ஆப்பிரிக்கர், பீமனாக வந்தவர் ஆப்பிரிக்கர், திரௌபதியாக மல்லிகா சாராபாய். முக்கிய நடிகர்களில் இந்தியர் அவர் ஒருவர்தான். பீஷ்மராக வந்த சோட்டிகி குயாட்டேவின் நெடிய உடம்பும் நிதானமும் என் மனதிலிருந்த பீஷ்மரையே இடம் மாற்றிவிட்டன. அதேசமயம், எங்கள் இதிகாசத்தை எடுத்துக்கொண்டு எங்களில் ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டார்களே என்று இந்தியாவில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. இரண்டு உணர்ச்சியும் எனக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று மற்றதைத் தள்ளிவிடவில்லை.

சினிமாவில் அந்த ஒப்பந்தம் கடினம். கேமரா பக்கத்தில் போய்விடுகிறது. தெரு, உடை, குதிரை வண்டி எல்லாம் அசலாக இருக்கும்போது ஆட்கள் மட்டும் வேஷம் என்று எடுத்துக்கொள்ளக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். பழகிக்கொள்ளலாம். டேவிட் காப்பர்ஃபீல்டு படத்தில் எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

நிறம் பாராத தேர்வை எதிர்த்த குரல்களில் கனமான ஒன்று கறுப்பினத்தவரிடமிருந்தே வந்தது. அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் ஓர் உரையில் இதைக் கடுமையாகச் சாடினார். வெள்ளையருக்காக எழுதிய பாத்திரத்தில் எங்களைப் போட்டுவிட்டு எங்கள் நிறத்தைப் பார்க்காதே என்றால், எங்கள் வரலாற்றையும் பார்க்காதே என்றுதானே அர்த்தம், எங்கள் கதைக்கு எங்கள் மேடை எங்கே என்பது அவர் வாதம். யோசிக்க வேண்டிய வாதம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மாளிகையில் கறுப்பினப் பிரபு உட்கார்ந்திருப்பதைத் திரையில் பார்த்துப் பழகும் குழந்தைக்கு, அந்த மாளிகைக்குப் பணம் எந்த அடிமைத் தோட்டத்திலிருந்து வந்தது என்று யார் சொல்வார்கள்?

அதனால்தான் இப்போது நிறம் உணர்ந்த தேர்வு என்று இன்னொன்றைப் பேசுகிறார்கள். நிறத்தைப் பார், அதற்குக் கதையில் என்ன அர்த்தம் வருகிறது என்று யோசி, யோசித்துவிட்டுப் போடு. நல்ல யோசனைதான், பாதியில் விட்டால் வேடிக்கையாகிவிடும். பழைய இங்கிலாந்தின் பிரபுக்கள் குடும்பங்களைப் பற்றிய 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாவது பாகத்தில், மூல நாவலில் ஆங்கிலப் பெண்ணாக இருந்த கேட்டை இந்தியப் பெண்ணாக்கி, தமிழ்ப் பின்னணி கொண்ட சிமோன் ஆஷ்லியைப் போட்டார்கள். கறுத்த பெண், அலங்காரத்தோடு நாயகியாக வருகிறாள், எனக்குச் சந்தோஷம். அவள் தகப்பனை 'அப்பா' என்று சொன்னபோது சோபாவிலிருந்து எழுந்தேவிட்டேன். அடுத்த மூச்சில் தங்கை அவளை 'தீதி' என்கிறாள். அப்பா தெற்கு, அக்கா வடக்கு. குடும்ப அட்டையில் எந்த ஊர் போட்டிருக்குமோ!

மறுபடி லஸ்கர் பையன்

இப்போது ஹீத்கிளிஃபுக்கு வருவோம். வில்லியம் வைலரின் 1939 படத்தில் லாரன்ஸ் ஒலிவியே. 1992இல் ரேஃப் ஃபைன்ஸ். இருவரும் வெள்ளையர். 2011இல் ஆண்ட்ரியா அர்னால்டுதான் முதன்முறையாகக் கறுப்பின நடிகர்களைத் தேடிப் பிடித்தார். சிறுவனாக சாலமன் கிளேவ், வளர்ந்தவனாக லீட்ஸ் ஊர்க்காரரான ஜேம்ஸ் ஹௌசன். லீட்ஸ் மறுபடி வரும் என்றேனே, இதுதான். 2026இல் எமரால்டு ஃபெனல் எடுத்த படத்தில் மறுபடி வெள்ளையர், ஆஸ்திரேலியாவின் ஜேக்கப் எலோர்டி. நடிகர் பெயர் வெளியான நாளிலிருந்தே சண்டை.

பிராண்டே ஒரே நிறத்தைத் திட்டவட்டமாகச் சொல்லவில்லை என்று, வெள்ளையரைப் போட்டது சரி என்கிற தரப்பு சொல்வது உண்மைதான். ஜிப்சி, லஸ்கர், ஸ்பானியன் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்களே தவிர, அவன் எங்கே பிறந்தான் என்று கடைசிவரை தெரியாது. ஆனால் அந்தத் தெரியாமையே ஒரு சேதி. எல்லோரும் அவனைப் பார்த்ததும் 'இவன் நம்மவன் இல்லை' என்று முடிவு கட்டுகிறார்கள், எந்த ஊர்க்காரன் என்பதில் மட்டும்தான் குழப்பம். கண்டெடுத்த இடமும் லிவர்பூல். கதை நடக்கும் 18ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களின் பெரிய துறைமுகம் அது.

நாவலில் ஒரு கண்ணாடிக் காட்சி உண்டு. பதின்வயது ஹீத்கிளிஃப், அந்தப் பக்கத்து வீட்டு லிண்டனின் மகன் எட்கரை நினைத்துப் புழுங்குகிறான். அவனைப்போல வெளிர் முடியும் வெள்ளைத் தோலும் எனக்கு இருக்கக்கூடாதா என்கிறான். அவனைக் கண்ணாடி முன் நிறுத்தும் வீட்டுப் பணிப்பெண் நெல்லி, யார் கண்டது, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம் என்று தேற்றுகிறாள். எனக்கு அந்த நாவலின் ஆணிவேர் இந்தப் பக்கம்தான். அவன் பிற்பாடு செய்கிற அத்தனை கொடுமைக்கும் விதை இந்தக் கண்ணாடியில் விழுகிறது. 2026 படத்தில் எட்கராக நடித்தவர் ஷாசாத் லத்தீஃப், பாகிஸ்தான் பூர்வீகம் கொண்ட பிரிட்டிஷ் நடிகர். நெல்லியாக வந்தவர் வியட்நாமியப் பூர்வீகம் கொண்ட ஹாங் சௌ. வெள்ளைத் தோலுக்கு ஏங்கியவன் வெள்ளையாக இருக்கிறான், அவன் யாரைப் பார்த்து ஏங்கினானோ அவர் மாநிறம். அந்த ஒரு வரியை இந்த முகங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். வாய்க்கு வராது.

ஆக, டேவிட்டுக்கு நிறம் பார்க்க வேண்டாம் என்றவள் ஹீத்கிளிஃபுக்குப் பார்க்கச் சொல்கிறேன். முரண்பாடாகத் தோன்றலாம். நான் இரண்டு முறையும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தக் கதையில் நிறம் ஏதாவது பாரம் சுமக்கிறதா? சுமக்கவில்லை என்றால் யாரையும் கூட்டி வா. சுமக்கிறது என்றால் அந்தத் தூணை உருவிவிட்டுக் கூரை தாழ்கிறதே என்று பின்னால் அழாதே.

பார்வையாளர் மனதில் ஒரு முகம் பதிந்துவிடுவதும் இதில் சேர்த்தி. ஒலிவியேவுக்குப் பிறகு பல தலைமுறைக்கு ஹீத்கிளிஃப் என்றால் வெள்ளை முகம்தான், புத்தகம் என்ன சொன்னாலும் சரி. நமக்கும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' 1950களில் 'கல்கி'யில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்கள்தான் என் அம்மாவுக்கு வந்தியத்தேவனும் குந்தவையும். 2022இல் படம் வந்தபோது குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த சண்டை எழுத்தாளரோடு இல்லை, ஓவியரோடு.

மகாபாரதத்துத் திரௌபதிக்கு இன்னொரு பெயர் கிருஷ்ணை. கறுப்பி என்று அர்த்தம். கருநிறத்துப் பேரழகி என்றுதான் கதை சொல்கிறது. டிவியில் நீங்கள் பார்த்த திரௌபதிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வெள்ளையடிக்க வெள்ளைக்காரர் வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெயிலில் உழைக்கும் பெண் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையை வடக்கேயிருந்து கூட்டிவந்து முகத்தில் கறுப்பு பூசுவது நம் சினிமாவில் இன்றைக்கும் நடப்பதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. மலையில் ஒரு பள்ளியில் படித்தேன், பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு சிண்ட்ரெல்லா நாடகம். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம், எல்லாப் பாத்திரத்தினுடையதும். டீச்சர் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். வெளுப்பாக இருந்த பெண்ணை முன்னால் இழுத்து சிண்ட்ரெல்லா என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "நீ பெரிய அக்கா, பொல்லாதவ" என்றார். அந்தப் பெண்ணுக்கு வசனம் நிற்கவில்லை. விழா அன்று திரைக்குப் பின்னாலிருந்து அவளுக்கு எடுத்துக்கொடுத்தது நான்தான். அடுப்புச் சாம்பலில் கிடப்பவள் என்ன நிறமாக இருந்தால் என்ன என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். கதையை வேருடன் பிடுங்கி வேறு மண்ணில் நடுவது. ஜேன் ஆஸ்டின் 1811இல் எழுதிய 'சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி'யை ராஜீவ் மேனன் 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆக்கினார். ஆங்கிலக் கர்னல், இலங்கைக்குப் போய்க் காலை இழந்து திரும்பிய மேஜராக மாறினார். எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள், யார் முகம் எந்த நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் கதை ஓடியது. எல்லா நாவலும் இப்படி மாற்றிக் கட்டக் கொடுக்காது. கொடுக்கும்போது மிகச் சுகம்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் ஃபோனில் மூன்று ஹீத்கிளிஃப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள்: ஒலிவியே, ஹௌசன், எலோர்டி. தெருக்கோடியில் லஸ்கர் தாத்தா திண்ணையில் இருந்தார். நிற்காமல் போக அவளால் முடியவில்லை. கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி, "இதுல யாரு தாத்தா லஸ்கர் மாதிரி இருக்காங்க?" என்று ஃபோனை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார். ஹௌசன் படத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அது கிடக்கட்டும் கண்ணு. அந்தப் பையனை வீட்டை விட்டுத் துரத்துனாங்கன்னு சொன்னியே. கடைசியில அவனுக்கு ஒரு வீடு கிடைச்சுதா?"

"கிடைச்சுது தாத்தா. ஒண்ணுக்கு ரெண்டா. அந்த வீடும் அவனுது, லிண்டன் வீடும் அவனுது."

"அப்பச் சரி," என்று கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.